மூன்றாம் அறைக் கதவு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வீராசாமி வைத்திருந்த நான்கு அறைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ராத்தங்க ஒரு கட்டில், காலையில் நாஷ்டா, அவ்வளவுதான். 'வீராசாமி ரூம்' என்றால் பஸ் கண்டக்டரே வழி சொல்வார். 1977இல் அவர் காலமானபோது ஒரே மகள் ஞானசுந்தரி அதை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று.

அவளுக்கு விருப்பமில்லை. அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது முதல் அறையில் ஒரு ஜவுளி வியாபாரி தூக்கத்திலேயே செத்துப்போனார். விசாரணைக்கென்று போலீஸ் வீராசாமியைக் கூட்டிப்போய் இரண்டு நாள் கழித்துத்தான் விட்டது. கிழிந்த சட்டையோடு வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஒருவரும் தங்க வரவில்லை. அதிலிருந்து விடிந்ததும் ஒவ்வொரு கதவருகிலும் நின்று, உள்ளே இருமல் கேட்கிறதா, செம்பு உருளுகிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் அவர் பல் துலக்குவார். ஞானசுந்தரியும் அப்படியே பழகிப்போனாள்.

மறு வருஷம் பங்குனியில், ஏரி மதகைப் பார்வையிட வந்த ஓவர்சீயர் நமச்சிவாயம் மூன்றாம் அறையில் தங்கினார். காலை ஆறரைக்கே இட்லி வேண்டுமென்று சொல்லியிருந்தார். ஏழரையாகியும் கதவு திறக்கவில்லை.

"சார், நாஷ்டா ஆறிப்போவுது" என்று தட்டினாள். பதில் இல்லை. மறுபடி பலமாகத் தட்டினாள். கம்பி போட்ட ஜன்னலும் உள்பக்கம் சாத்தியிருந்தது. காதைக் கதவில் வைத்தாள். மூச்சா, குறட்டையா என்று தெரியாத கரகரப்பு ஒன்று தரையோடு கேட்டது.

கணவன் சுப்பிரமணி ரைஸ் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயம் கேட்டதும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கதவ தொடாத சுந்தரி. நான் போயி ஸ்டேஷன்ல சொல்றேன். அவுங்க வந்து ஒடைக்கட்டும். நாம தொறந்து ஏதாச்சும் ஆயிடுச்சின்னா நம்ம தலையிலதான் வுடியும். ஒங்க நைனாவுக்கு ஆனது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அந்தச் சட்டைதான் கண்ணுக்குள் நின்றது.

"உள்ள மூச்சு வுட்டுக்கினு கீறாருங்க. போலீசு வர்ற வரைக்கும் வுடுவாரா?"

அவன் கதவை உதைத்துப் பார்த்தான். தேக்குக் கதவு அசையவில்லை. ஞானசுந்தரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைச் சாத்தினாள். கூரை மேல் ஏறி, நாட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்று நழுவினாலும் அவர் மேல் விழும் என்ற பயத்தில் இரண்டு கையாலும் பிடித்து எடுத்தாள். சந்து கிடைத்ததும் எட்டிப் பார்த்தாள். கட்டிலடியில் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக் குதித்தாள். கணுக்கால் பிசகியது. தாழ்ப்பாளை நீக்கிவிட்டு அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

வாடகைக் காரில் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலையை மடியை விட்டு இறக்கவில்லை. திருப்புலிவனம் தாண்டும்போது கரகரப்பு நின்றது.

"சார், என்னெப் பாருங்க சார். தூங்கிடாதீங்க" என்று கன்னத்தைத் தட்டினாள். அழுதால் போய்விடுவார் என்று தோன்றியதால் அழவில்லை. கொஞ்ச தூரம் போனபின் மூச்சு திரும்பியது.

பிழைத்துக்கொண்டார். வலது கைதான் சரியாக வரவில்லை. அன்று சாயங்காலமே, ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பி, போலீஸும் வந்தது. கூரை ஏன் பிரிந்திருக்கிறது என்று கேட்டார்கள். பயத்தில் அவளுக்குக் கையெழுத்து வரவில்லை, கைநாட்டு வைத்தாள். அவர்கள் எழுதிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் பயந்ததெல்லாம் அதோடு முடிந்தது. ஆனாலும் ஒரு மாதம் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பத்து வருஷம் கழித்து மகள் கனகா பின்பக்கம் இரண்டு அறை கட்டினாள். கூரைக்கு ஓடு இல்லாமல் கான்கிரீட் போடப்போகிறார்கள் என்றதும் ஞானசுந்தரி மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"ஜன்னல்ல ஒரு கம்பி கழட்டுறாப்பல வையிப்பா."

"திருடன் வருவாம்மா" என்றாள் கனகா.

"வரட்டும்."

மகள் வாதாடிப் பார்த்தாள். கடைசியில் மேஸ்திரி அப்படியே வைத்தார். தை மாதம் அறைகளைத் திறந்தபோது முதலில் வந்தது புள்ளலூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த கூட்டம். அவர்களுக்கு இட்லி போதாமல், கனகா மறுபடி மாவாட்ட உட்கார்ந்தாள்.