வாழைமர நோட்டில் கொடுத்த மஹர்

நோட்டுக் கட்டைப் பிரித்தால் பாச்சா உருண்டை வாசம் மூக்கில் ஏறும். பச்சை வாழைக்குலை அச்சடித்த அந்தத் தாள்களை என் உம்மா யாரையும் தொட விட்டதில்லை. பினாங்கை ஜப்பான்காரன் பிடித்து ஆண்டபோது அடித்துவிட்ட பணம் அது. மண்டபம் பக்கத்து எங்கள் தெருவில் "வாழைமர நோட்டு" என்பார்கள். பினாங்கில் துணிக்கடையில் வேலை பார்த்த வாப்பா, அங்கேயே நடந்த நிக்காஹ் அன்று மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹரை அந்த நோட்டில்தான் உம்மா கையில் கொடுத்தார். சண்டை முடிந்து திரும்பி வந்த வெள்ளைக்காரன், செல்லாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். அடித்தவன் ஓடிப்போனான், வந்தவன் கைவிரித்தான், ஏமாந்தது கல்யாணப் பெண்.

ஊருக்கு வந்த வாப்பா, "பொறு, நகையாச் செஞ்சு தாரேன்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களை ஓட்டினார். என் பத்தாவது வயதில் மௌத்தாகிப் போனார். உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குமுன் பள்ளிவாசல் பெரியவர் உள்வாசலில் வந்து நின்று, வழக்கப்படி, "மஹரு பாக்கி இருந்தா மன்னிச்சிரும்மா" என்றார். உம்மா வாய் திறக்குமுன் வாப்பாவின் அண்ணன் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார்: "பாக்கி என்ன பாக்கி? பினாங்குலயே எண்ணிக் குடுத்தாச்சு. நாந்தான் சாட்சி."

உம்மா எழுந்துபோய் நோட்டுக் கட்டை எடுத்துவந்து கதவிடுக்கு வழியே நீட்டினார். "இந்தாங்க மச்சான், இதக் கொண்டுபோயி ஒரு படி அரிசி வாங்கிட்டு வாங்க. அப்பறம் குடுத்தாச்சுன்னு சொல்லுங்க."

"மய்யித்த வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சாம்மா இது?" என்றார் அவர். முற்றமே அதற்குத் தலையாட்டியது.

உம்மா அழுதுகொண்டே சொன்னார்: "அவுகள மன்னிச்சுட்டேன். குடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லாதீக."

இன்று உம்மாவும் இல்லை, அந்தக் கட்டும் இல்லை. அந்த நோட்டுக்கு இப்போது நல்ல விலை என்று என் பேரன் செல்போனில் காட்டிச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் போனான், பினாங்குக் கப்பலும் நின்றுபோனது. போன மாதம் பக்கத்து வீட்டில் மய்யித்து. உள்வாசலில் அதே மஹர் பேச்சு வந்தது. வழக்கம்போல மன்னிக்கத்தான் சொன்னார்கள். புருஷனை இழந்த அந்தப் பெண் தலையாட்டப் போனாள். பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்: "மொதல்ல சொல்லுங்க, குடுத்தாகளா?"