'அட்டர்ன்' என்றால் கிளம்பு என்றா அர்த்தம்?

சென்ற செவ்வாயன்று பந்தலூர் பஜாரில் டீக்கடைக்காரர் என்னைக் கைதட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க சார், கடைக்குப் பொறத்தால ஊட்டுல இருக்கறவங்க மூட்டை கட்டறாங்க. சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க வந்து பாருங்க!"

முனியாண்டியும் அவர் மனைவி புஷ்பமும். இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருவருக்கும் எஸ்டேட்டில் தினக்கூலி. அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை போன மாதம்தான் ஒருவர் விலைக்கு வாங்கியிருந்தார். அவரிடம் ஒப்படைக்க, முனியாண்டி கையில் சாவி தயாராக இருந்தது.

"என்ன அவசரம்?"

"இங்கிலீசுல தாள் வந்திருக்குங்க ஐயா," என்றார் புஷ்பம். "அங்க தொரை பத்துச்சீட்டு குடுத்து வேலைய விட்டு நிப்பாட்டுனா, தோட்டத்து லயத்து வீட்ட விட்டும் எறங்கணும். வெரட்டுறதுக்கு முந்தி நாமளே போயிட்டா மானமாச்சும் மிஞ்சும்."

வாங்கிப் பார்த்தேன். வக்கீல் நோட்டீஸ். புது ஓனருக்கு நீங்கள் 'அட்டர்ன்' செய்ய வேண்டுமாம்.

ரிட்டயராகும்வரை ரெவின்யூ இலாகாவில் நான் பார்க்காத காகிதமா? ஆனால் இந்த வினைச்சொல்லைப் பார்த்ததில்லை. காலி செய் என்று அர்த்தமாக இருந்துவிட்டால்? அப்படியே இல்லாவிட்டாலும், சாவி கைமாறினால் கதை முடிந்தது... 'தாமாகவே போனார்கள்' என்று ஒரு வரி போதும். எந்த அப்பீலும் நிற்காது.

"நான் வர்ற வரைக்கும் சாவியைக் கொடுத்துடாதப்பா!"

வீட்டுக்கு ஓடினேன் — இந்த வயதில், அந்த ஏற்றத்தில்! அகராதியைப் புரட்டினேன்.

பழைய பிரெஞ்சுச் சொல். ஒருவர் பக்கம் திரும்புவது என்பது வேர். பிரபு நிலத்தை விற்றால், அதிலிருக்கும் குடியானவன் வாங்கியவர் பக்கம் திரும்பி, 'இனி நீரே என் எஜமான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஒப்பாவிட்டால் அந்தக் காலத்தில் விற்பனையே செல்லாதாம்! அட்டர்னி என்கிற வக்கீலும் இதே வேரில் முளைத்தவர்தான். ஃபீஸ் மட்டும் தனியாக முளைத்தது.

மூச்சிரைக்கத் திரும்பினேன். முனியாண்டி ட்ரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றியிருந்தார்.

"இறக்குப்பா! உங்களைப் போகச் சொல்லலை. புது ஓனரை ஓனர்னு ஒத்துக்கிட்டு, இனிமே அவர்கிட்ட வாடகையைக் கொடுக்கணும். அவ்வளவுதான்."

பெட்டி இறங்கியது. புஷ்பம் மட்டும் என்னை நம்பாமல் பார்த்தார்.

"நாங்க ஒத்துக்கணுமா? எங்களயா கேக்குறாங்க?"

"ஆமாம்மா."

"இந்தியா, சிலோன்னு ரெண்டு கவருமெண்டும் ஒக்காந்து, இத்தன பேரு ஒனக்கு, இத்தன பேரு எனக்குன்னு எங்களப் பங்கு போட்டப்ப ஒருத்தரும் கேக்கலியே ஐயா..."

வாடகை கொடுத்தால் மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளம்மா என்றேன்.