மரமாக நின்றவர்கள்

இடஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் புரட்டாசியில் நடந்தது. அதன்பிறகு எங்கள் ஊர் வழியாகப் பேருந்து மறுபடி ஓடியது ஐப்பசி முதல் வாரத்தில் என்பது என் கணக்கு. புரட்டாசிக் கடைசியிலேயே என்று சாதிப்பவர்களும் உண்டு. ஓடியதே தவிர நிற்கவில்லை என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் சாலையில் எங்கள் நிறுத்தத்துக்குப் பெயரே புளியமரம்தான். மறியலின் முதல் நாளே எங்கள் தெரு ஆண்கள் அந்த மரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். வேறு மரம் இல்லாமல் இல்லை. நடந்து போகச் சோம்பல். பேருந்துக் கண்ணாடிகளும் உடைந்தன. அந்த வாரமே சாலைக்கு அந்தப் பக்கம் காலனியில் கூரைகள் எரிந்தன. மரம் வெட்டிய கதையை விதவிதமாகச் சொன்னவர்கள், கூரையைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

கூரை இழந்தவர்களில் ஓர் அம்மாள், பேருந்து சன்னல்களில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுப் பிழைத்தவர். பேருந்து நிற்காமல் வியாபாரம் இல்லை. வியாபாரம் இல்லாமல் கூரை வேயக் கரும்புத் தோகை வாங்க முடியாது. மழை பிடித்துக்கொண்டது. சங்கராபுரம் வரை நடந்துபோய் ஓட்டுநரிடமே கேட்டார்.

"புளியமரம் ஸ்டாப்புல மரம் எங்கம்மா? கல்லு வுடற ஊர்ல நான் நிறுத்தமாட்டேன். ரெண்டு தெருவும் ஒண்ணா நின்னு கை காட்டட்டும், பாக்கலாம்."

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை அந்த அம்மாள் எங்கள் தெரு பால் சங்கத்து வாசலுக்கு வந்தார். அறுவடைக் கூலிக்கு அல்லாமல் அவர் எங்கள் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் பத்துப் பேர் செய்தித்தாளுக்காகக் காத்திருந்தோம்.

"மரத்த வெட்டனது யாருங்க?"

செய்தித்தாள் வருகிறதா என்று எல்லாரும் சாலையைப் பார்த்தோம்.

"இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தீங்களே. மரம் இருந்த எடத்துல வந்து நில்லுங்க. எங்க வூட்டுக்காரரும் நிப்பாரு."

முதல் வெட்டு தன்னுடையது என்று பீற்றிக்கொண்டிருந்த மீசைக்காரர், "நாங்க இன்னா மரமா?" என்றார்.

"வேற மரம் வளர்றவரைக்கும் மல்லாட்ட தாங்காதுங்க."

பால் ஊற்ற வந்திருந்த மீசைக்காரரின் மனைவிக்கு, தீபாவளிக்குத் தாய்வீடு போகப் பேருந்து வேண்டும். "போய் நில்லேன். வூட்ல மட்டும் இன்னா பண்ற?" என்றாள். சிரிக்காதவர் மீசைக்காரர் ஒருவர்தான்.

அன்றே நின்றார். பக்கத்தில் அந்த அம்மாளின் கணவர். இருவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம். பேருந்து சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அடுத்த நாளும் அப்படியே. வண்டி போகும் இடைவெளி இருந்தால் இரண்டு தெருவும் ஒன்று என்று ஓட்டுநர் எப்படி நம்புவார் என்று அந்த அம்மாள் கேட்டார். மூன்றாம் நாள் நெருங்கி நின்று கை காட்டினார்கள். தூறலில் காலனிக்காரரின் குடைக்குள் மீசைக்காரர் பாதி நனைந்தபடி நின்றார்.

பேருந்து வேகம் குறைந்து, தயங்கி, சற்றுத் தள்ளி நின்றது. மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு வந்தவர்கள் தலையை நீட்டினார்கள். அந்த அம்மாள் கூடையோடு ஓடினார். சன்னல் சன்னலாகக் கைகள் நீண்டன. ஓட்டுநரும் ஒரு பொட்டலம் வாங்கினார்.

வண்டி கிளம்பிப் போனபிறகு அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். இருவரும் இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்கள்.

"எறக்குங்க. இனிமே அடுத்த பஸ்ஸுக்குத்தான்."