மூன்று கம்பிகள், ஒரு கதவு

புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான்கள் குவிந்து கிடந்த ஒரு கடை வாசலில், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கார் வைப்பருக்குள் இருக்குமே மெல்லிய எஃகுப் பட்டை, அதை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்தால் ஒரு பக்கம், வளைந்தே நின்றால் இன்னொரு பக்கம் என்று கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பிரித்துப் போட்டாள். அவளுடைய கணவர், என் மாமா, கை நிறையக் கம்பிகளோடு பின்னால் நின்றார். தொண்ணூற்று ஒன்றாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா வாத்யாரே, எந்த பேங்குல கைய வெக்கப் போறீங்க?" என்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இவரு திருடப் போனா, வூட்டுக்காரனே பாவம் பாத்து சோறு போட்டு அனுப்புவான்" என்றாள். முதலில் சிரித்தவர் மாமாதான்.

மாமா சுங்குவார்சத்திரத்தில், நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் ஃபிட்டர். இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் நம்ப மாட்டார்கள், அன்றைக்கு இரண்டு கம்பெனிக்கு நடுவில் கண்ணுக்கெட்டியவரை வேர்க்கடலைக் கொல்லைதான். நான் அப்போது கல்யாணமாகாத பெண், தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை ஆனால் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். ஒருநாள் கம்பெனியில் உடுப்பு மாற்றும் இடத்தில் மாமாவின் பெட்டிச் சாவி தொலைந்துபோயிருக்கிறது. கூட இருந்தவர் சுத்தியல் எடுக்கப் போன நேரத்தில், கையில் கிடைத்த கம்பியை விட்டு இவர் சும்மா கிண்டியிருக்கிறார். பூட்டு கிளிக்கென்று திறந்துகொண்டது. அவ்வளவுதான், மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காயலான் கடையிலிருந்து சாவியில்லாத பூட்டுகளை வாங்கிவந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் அவற்றோடு உட்கார்ந்துவிடுவார். அக்காவின் கொண்டை ஊசிகள் ஒன்று பாக்கியில்லாமல் கோணிப்போயின. "யோவ், ஒண்ணு பூட்ட வுடு, இல்ல ஒழுங்கா சாமான் வாங்கிக்க. தலைய விரிச்சிப் போட்டுகினு நான் எப்டி கடைக்குப் போறது?" என்று அவள் கத்தியதன் பேரில்தான் நாங்கள் மூவரும் புதுப்பேட்டைக்குப் போனோம்.

அங்கே மாமாவுக்கு எல்லாமே வேண்டும் போலிருந்தது. குடைக்கம்பி, சைக்கிள் ஸ்போக், உடைந்த ரம்பப் பிளேடு, இடைவெளி அளக்கிற தகடுகளின் பழைய கட்டு ஒன்று. ஒரு டஜன் கம்பி இருந்தால் எந்தப் பூட்டையும் ஒரு கை பார்க்கலாம் என்றார். அக்கா விடவில்லை. குடைக்கம்பி வளைந்தால் வளைந்ததுதான், வேண்டாம். ஸ்போக் உருண்டை, உள்ளே போய் நிற்காது, வேண்டாம். ரம்பப் பிளேடு தடிமன், அதோடு சட்டென்று முறிந்துவிடும். கடைசியில் அளவுத் தகட்டில் இரண்டும் வைப்பர் பட்டையில் ஒன்றும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இந்த மூணு போதும். இதுல கை பழகாதவனுக்கு முப்பது குடுத்தாலும் வராது" என்றாள். வைப்பர் பட்டையின் நுனியை மடக்கிப் பூட்டை லேசாகத் திருப்பிப் பிடிக்க ஒன்று, உள்ளே இருக்கும் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட நுனி நிமிர்ந்த கொக்கி ஒன்று, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தடவிப் பார்க்க அலை அலையாக ஒன்று. பழகுவதற்கு மாமா ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைத் தூக்கினார். அக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, ட்ரங்குப் பெட்டிக்குப் போடுகிற பொடிப் பூட்டு ஒன்றை எடுத்தாள். மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல். பஸ்ஸில் பாதி வழிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தெரு சைக்கிள் கடையின் சாணைக்கல்லில் தகட்டைத் தேய்த்தார்கள். அவர் அவசரத்தில் முதல் தகட்டின் நுனி சூடேறி நீலமாகி விறைப்பிழந்து போயிற்று, அதை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். "பொறுமையா தேயேன்யா, ரயிலா புடிக்கப் போற?" என்று சொல்லி, மறுமுறை அக்கா தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கத்திலேயே நின்றுகொண்டாள். கம்பிகளுக்கு ரவிக்கைத் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். அப்புறம் ஞாயிறு மதியம் வந்தால் எங்கள் மூவருக்கும் அதே வேலை. ஆளுக்கொரு பூட்டு, கடைசியாகத் திறப்பவர் பாத்திரம் துலக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் துலக்கினேன். அக்கா சில நாள் மாமாவையே தோற்கடிப்பாள், தோற்கடித்துவிட்டு நாக்கைத் துருத்திக் காட்டுவாள். விளையாட்டுக்கு இரண்டே சட்டம். பூட்டை உடைத்தால் தோல்வி. புழக்கத்தில் இருக்கிற பூட்டைத் தொடக் கூடாது, இருப்பது வாடகை வீடு, கெட்டுப்போனால் வீட்டுக்காரரிடம் யார் பேச்சு வாங்குவது? இரண்டுமே அக்கா போட்ட சட்டம். அவ்வளவு சந்தோஷமாக இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சில் விசில் ஊதும். அந்த வருட ஐப்பசியில் அடைமழை. சனிக்கிழமை அவளுக்கான மாத்திரைகளை வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்காரர் புதிதாக ஒரு பூட்டுப் போட்டிருந்தார், கதவை இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. கூப்பிட்டேன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. டம்ளரால் தரையைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது, அதற்கு நடுவில் அந்த விசில். எழுந்துவந்து திறக்க அவளால் முடியவில்லை என்று புரிந்துவிட்டது. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது, எட்டாத உயரத்தில் வெளிச்சத்துக்கு ஓர் ஓட்டை மட்டும்தான். நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடிவந்தார். அதே சமயம் ஷிஃப்ட் முடிந்து மாமாவும் தெருமுனையில் வந்தார். சாவி முந்தின நாள் சட்டைப் பையில், வீட்டுக்குள். டிபன் பையில் அந்த உறை இருந்தது.

"தம்பி, நவுரு. ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்" என்று மாமாவிடம் சொன்னார் வீட்டுக்காரர்.

"வேணாண்ணே. ஒரு நிமிசம், தொறந்துடுறேன்" என்று மாமா மண்டியிட்டார்.

அவர் நிதானமாகத்தான் செய்தார். ஆனால் அது அவர் ஒருநாளும் தொட்டுப் பழகாத பூட்டு, புதுப் பூட்டு வேறு. மூன்று கம்பிகளையும் மாற்றி மாற்றி விட்டார். வீட்டுக்காரர் மறுபடி கடப்பாரையைத் தூக்கினார். "சிக்கிருச்சிண்ணே, கைல சிக்கிருச்சி, ஒரே நிமிசம்" என்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம். ஊரில் அவர் திறக்காத பூட்டில்லை என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நானும்தான் நின்றேன். எப்போதோ டம்ளர் சத்தம் நின்றுபோயிருந்தது. மழை இரைச்சலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு பூட்டு கிளிக்கென்றது. மாமா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கதவைத் தள்ளிவிட்டார்.

ஐயோ, அதற்கு மேல் நான் எழுத வேண்டாம். கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கொண்டுபோன அளவுதான். முன்னாலேயே கதவை உடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பதை எந்த டாக்டரும் இப்படியும் சொல்லவில்லை, அப்படியும் சொல்லவில்லை. எங்கள் அம்மா மட்டும் சாகும்வரை சொன்னாள். "பூட்டத் தொறக்கத் தெரிஞ்ச பாவிக்குக் கதவ ஒடைக்கத் தெரியலையே" என்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், பிறகு கல்யாண வீடுகளில்கூட. மாமா ஒருநாளும் பதில் பேசியதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த மூன்று கம்பிகளையும் வடக்குப்பட்டுப் போகிற வழியில் ஏதோ ஒரு கிணற்றில் போட்டதாகச் சொன்னார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அக்காவை நினைத்தால் கோபம் வரும், அவரைப் பார்த்தால் போய்விடும். அம்மாவுக்குத் தெரியாமல் அவரைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு அவர் வேறு மாதிரி ஆளாகிப்போனார். யார் வீட்டிலாவது கதவு திறக்கவில்லை என்று காதில் விழுந்தால் போதும், கடப்பாரையோடு போய் நிற்பார். விசாரிக்க மாட்டார், உடைத்துவிடுவார். கொல்லைகள் போய்க் கம்பெனிகளாக நிறைந்து, வெளியூர்ப் பையன்கள் லாட்ஜுகளில் வந்து தங்கிய காலத்தில், நைட் ஷிஃப்ட் முடிந்து அசந்து தூங்கியவனின் கதவைப் பெயர்த்து எடுத்து, அவனிடம் கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கியிருக்கிறார். மறுநாள் தானே மரமும் கீலும் வாங்கிப்போய், உடைத்த கதவைப் புதிதாகச் செய்து மாட்டிக் கொடுப்பார். ஊரில் அவருக்குக் கடப்பாரை என்றே பட்டப்பெயர். லூசு என்றும் சொன்னார்கள்.

போன மாதம் படப்பையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் இருப்பது மூன்று மாடிக் குடியிருப்பு, சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்ட நிலங்கள். மாமாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுப் பெண் பதறிக்கொண்டு வந்தாள். அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை படுக்கையறைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த குமிழை அழுத்திப் பூட்டிக்கொண்டது. திறக்கத் தெரியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, குழந்தை உள்ளே ஏதோ பாடுவது எங்கள் வீடுவரை கேட்டது. "பூட்டுக்காரருக்கு போன் பண்ணிட்டேன் ஆன்ட்டி, கீழ வந்துட்டார், ஒரு நிமிஷம்" என்றாள். பாட்டு சட்டென்று நின்றது.

மாமா டம்ளரைக் கீழே வைத்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது எதிர் வீட்டுக்குள் நுழைந்து அந்தக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கையில் கடப்பாரைகூட இல்லை. தோளால் ஒரு மோது, இரண்டாவது மோது, சட்டம் பிளந்து கதவு உள்ளே சாய்ந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பொம்மையோடு நின்றிருந்த குழந்தை சத்தத்தில் பயந்து வீறிட்டு அழுதது. மாமா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகையையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்தப் பெண்ணுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "குழந்தை விளையாடிட்டு இருந்தது பெரியவரே. ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"பொறுத்தேம்மா," என்றார் மாமா. "ஒரு தபா பொறுத்தேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அக்கா போன அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதேன்.