மைக் பேசாத மதியம்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடுதல். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டேன். கடற்கரையில் பிறந்துவிட்டு நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவளிடம் மிஞ்சியிருக்கும் ஊர்ப்பழக்கம் அது ஒன்றுதான். வேண்டிய நாளில் அதுவும் கைகொடுக்கவில்லை.

எங்கள் ஊர் மாதா கோவில் கோபுரத்தில் நாலு திசைக்கும் ஒலிபெருக்கி உண்டு. சாவு, கல்யாண ஓலை, காணாமல் போன ஆடு, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த சேதி, எல்லாம் அதில்தான் வரும். காற்று கூடும், கடலுக்குப் போகாதே என்று அரசு எச்சரித்தால், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை அதையும் அதில்தான் சொல்வார். மைக் சொன்னால் போகக் கூடாது. மைக் ஒன்றும் சொல்லாவிட்டால் போகலாம். இந்தச் சட்டத்தை யாரும் போட்டதில்லை, மீறினவர்களும் அதிகம் இல்லை.

கோவில்பிள்ளை தன் போனில் பார்த்துத்தான் சொல்லி வந்தார். ஒரு முறை ஒரு சாவின் அடக்க வேலையில் மறந்துபோனார். அதன்பிறகு கோவிலின் பங்குப் பேரவையில் பேசி என்னிடம் வந்தார்கள். அரசின் இணைய சேவையிலிருந்து எச்சரிக்கையைத் தானாக எடுத்து, கோவில்பிள்ளையின் அறையில் ஒரு திரையில் காட்ட முடியுமா? முதலில் கேட்டது என் அண்ணன்தான். தினமும் மதியம் வள்ளம் இறக்கி, வலை போட்டுவிட்டு மறுநாள் காலையில் கரையேறுகிறவன் அவன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசு இணைய சேவைகளோடு பேசுவதற்கென்றே யாரோ எழுதி, எல்லோரும் சும்மா எடுத்துக்கொள்ளும்படி போட்டிருந்த ஒரு நிரல் லைப்ரரி கிடைத்தது. ஒரு வாரம் அதைத் துருவினேன். கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், புகார் சொன்னவர்களுக்குப் பதில் உண்டா, உரிமம் என்ன, கூடவே எழுதிய சோதனைகள் ஓடுகின்றனவா, எல்லாம் பார்த்தேன். பழைய எச்சரிக்கைகளைக் கொடுத்தேன், சரியாக எடுத்தது. எச்சரிக்கை இல்லாத நாட்களைக் கொடுத்தேன், காலிப் பட்டியல் வந்தது. காலி என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு என்று திரையை அமைத்தேன். கோவில்பிள்ளை போனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து, வேறு எதற்கோ அந்த அரசுப் பக்கத்தை உலாவியில் திறந்தேன். திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. அதே திரையில் பக்கத்துச் சன்னலில் என் நிரல் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. சேவையே பேசாதபோது இதற்கு யார் பதில் சொன்னது? லைப்ரரியின் உள்ளே போய்த் தேடினேன். பத்து நிமிடத்தில் அகப்பட்டது. பதில் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியலைத் திருப்பிக் கொடு, பயன்படுத்துகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். சேவை வேலை செய்கிற நாளில்தான் நான் எல்லாச் சோதனையும் செய்திருந்தேன். செவுளைத் தூக்காமல் மீன் வாங்கியிருந்தேன்.

போனை எடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் மனைவி, என் மயினி எடுத்தாள்.

“அவிய போனை வீட்டுல வச்சிற்றுல்லா போயிருக்காவ. வள்ளம் எறக்கி அரைமணிக்கூர் இருக்கும். ஏட்டி, எதுக்குக் கேக்க?”

“சும்மாதான் மயினி” என்று பொய் சொல்லி வைத்துவிட்டுக் கோவில்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“மாமா, மைக்கைப் போடுங்க.”

“என்னண்ணு சொல்ல? இங்க பச்சைதானே கெடக்கு.”

“அது பொய்யி. கடல் எப்பிடி இருக்குண்ணு இப்பம் தெரியாதுண்ணு சொல்லுங்க.”

“தெரியாதுண்ணு மைக்குல எப்பிடிச் சொல்லது? இதுவரைக்கும் அப்பிடிச் சொன்னதில்லையே மக்கா.”

“சொல்லுங்க மாமா” என்றேன். அழுகிற குரலில்தான் வந்தது. அவர் போனை வைக்காமலே மைக்கைத் தட்டினார். “அன்பான இறைமக்களின் கவனத்திற்கு. கடல் நிலவரம் தெரியவில்லை. மறுபடியும் அறிவிக்கிறோம், தெரியவில்லை.” வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கரையில் நின்றவர்கள் வள்ளத்தை மேலே இழுத்துவிட்டார்கள். அண்ணனோடு சேர்த்து நாலு வள்ளங்கள் ஏற்கெனவே போயிருந்தன. ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் திறந்தது. பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். மதியத்துக்கு முன்பே போட்ட எச்சரிக்கை. அவன் வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம்.

நான் அன்று ஊருக்கே போய்விட்டேன். மயினி ஜெபமாலையை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணியும் உருட்டவில்லை. காற்று கூரை ஓடுகளைத் தட்டும்போதெல்லாம் அந்த ஒரு வரி நிரல்தான் ஞாபகத்தில் வந்தது. அதை மயினியிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

காலையில் நாலு வள்ளமும் வந்தன. அண்ணன் பாதி வலையை அறுத்துவிட்டுத்தான் திரும்பியிருந்தான். தண்ணீரிலிருந்து ஏறி வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். மன்னிப்புக் கேட்க விடிய விடிய யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

அவன் திட்டவில்லை. தலைத் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னான். “காத்து மாறுகது எனக்குத் தெரிஞ்சுது மக்கா. மைக்கு ஒண்ணும் சொல்லலியே, நீ பாத்துக்கிட்டுதானே இருப்பேண்ணு நினைச்சுப் போனேன்.”

லைப்ரரியைத் திருத்தி, எழுதியவர்களுக்கும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். இப்போது பதில் வராவிட்டால் திரை மஞ்சளாகும். எச்சரிக்கை உண்டு, இல்லை, தெரியவில்லை, மூன்றில் ஒன்றை மைக் தினமும் இரண்டு மணிக்குச் சொல்லியாக வேண்டும். மத்தியானத் தூக்கம் போச்சு என்று ஊரில் சலித்துக்கொள்கிறார்கள்.

மைக் சொல்லி முடித்த பிறகும் அண்ணன் எனக்குப் போன் போடுகிறான். “கடலுக்குப் போவட்டா மக்கா?” என்று ஒரே கேள்விதான். நிரல் என்ன சொன்னாலும் நானே அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். திறக்காத நாளில் “தெரியலண்ணே” என்பேன். “செரி” என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே இருந்துவிடுகிறான்.