தம்பியின் பேச்சு அப்பாவிடம் இருந்தது

அப்பாவின் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மகளாக அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவரைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. தம்பியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா கருங்குழிக்குப் பக்கத்துச் சிற்றூரில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராகப் போய், ஓட்டக் கற்று, புதுப்பட்டினத்தில் குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டியைச் சொந்தமாக வாங்கி வீடுவீடாகத் தண்ணீர் கேன் போட்டார். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் மாடிவரை தூக்கிப்போய், கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

நான் பிறந்து பதினோரு ஆண்டுகள் கழித்துத் தம்பி பிறந்தான். மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. “உங்க அப்பனுக்கே நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சு” என்று அத்தை சொன்னதை நம்பி ஒரு வருடம் காத்திருந்தோம். பிறகு செங்கல்பட்டில் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்றார்.

“எப்போ சார் சரியாவும்?” என்று கேட்டார் அப்பா.

“இது காய்ச்சல் மாதிரி வந்து போறது இல்லைங்க. அவன் சொல்றத நீங்க புரிஞ்சிக்கக் கத்துக்கணும்.”

அம்மா அன்று முழுவதும் அழுதார். அப்பா இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சி ஆசிரியை படஅட்டை வைத்துப் பழக்கச் சொன்னதும், எங்கள் வீட்டுத் தம்ளரையும் பாயையும் கழிவறைக் கதவையும் செல்போனில் படம் எடுத்து, லேமினேட் செய்து வளையத்தில் கோத்தார். படத்தைக் காட்டிவிட்டுத் தம்பியின் கை நீளும்வரை அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பார். தம்பி ஐந்தாறு படங்களைத்தான் ஏற்றுக்கொண்டான். மற்றதெல்லாம் உடம்பால் சொன்னான். காலரைக் கடிப்பான், காதை மடிப்பான், நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்துவான். ஒவ்வொன்றும் அப்பாவுக்குப் புரிந்தது. பயிற்சி வகுப்பு முடிந்ததும் அவனை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டே கேன் போடப் போவார்.

எனக்கும் அம்மாவுக்கும் பாதிகூடப் புரியாது. ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி நான் பலமுறை கேட்டேன். “எழுதி இன்னா ஆவப்போவுது? நான் கீறேன் இல்ல” என்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் நிச்சயதார்த்தத்தின்போது, தம்பி கத்தினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, “அவன் உள்ள வர வேணாம்பா” என்றேன். அப்பா விழா முடியும்வரை மண்டபத்துக்கு வெளியே வண்டியில் தம்பியோடு உட்கார்ந்திருந்தார். தாம்பூலத்தட்டைச் சித்தப்பா மாற்றினார். அன்றைய படங்கள் எதிலும் அப்பா இல்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கேன் இறக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்பா சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது “தா” என்ற ஒரு ஒலிதான் மிஞ்சியிருந்தது. தம்பியின் படஅட்டைகளை அப்பாவிடம் நீட்டிப் பார்த்தோம். இடது கையால் தள்ளிவிட்டார்.

ஒரு மதியம் தம்பி முழங்கையைத் தாடையில் இடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். தண்ணீர், சோறு, வண்டிச் சாவி என்று எதைக் கொடுத்தாலும் வீசினான். அம்மா அவனை அப்பாவின் கட்டிலருகே இழுத்து வந்தார்.

“இன்னாங்க வேணுமாம் இவனுக்கு? உங்களுக்குத் தெரியுமே, எப்படியாவது சொல்லுங்க.”

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. “தா... தா...” என்றார். இடது கையைத் தூக்கி எதையோ காட்டினார். அலமாரியா? ஜன்னலா? நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில் கையைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி அழுது களைத்துத் தரையிலேயே தூங்கினான். அவன் என்ன கேட்டான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அப்பா இறந்துபோனார்.

மேளச் சத்தம் தாங்காது என்று தம்பியைப் பக்கத்து வீட்டு அக்கா கடற்கரைக்கு அழைத்துப் போய்விட்டார். அப்பா போனதை அவன் பார்க்கவில்லை. படம் காட்டிச் சொல்லுங்கள் என்கிறார் ஆசிரியை. இறந்துபோனார் என்பதற்கு எந்தப் படத்தை வைப்பது? நானும் அம்மாவும் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதும் மாலையானால் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.

அந்த அக்காவுக்கும், ஆசிரியைக்கும், அப்பாவைத் தூக்கி இறக்கிய வண்டி ஸ்டாண்டு நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த நண்பர்களில் ஒருவர் அப்பா இறந்த எட்டாம் நாள் வந்து சொன்னார்: “புள்ள டேஷ்போர்டுல மூணு தட்டு தட்னா, அண்ணாத்த வண்டிய ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுவாரு. அவனுக்கு எஞ்சின் சத்தம் பேஜாராகீதுன்னு அர்த்தமாம்.” பதின்மூன்று ஆண்டுகளாக இது எங்களுக்குத் தெரியாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தம்பி என்ன செய்தபோது அப்பா என்ன கொடுத்தார், எங்கே நிறுத்தினார், எப்படித் தொட்டார் என்று நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கலாம். சின்ன விஷயமானாலும் எங்களுக்குத் தேவை. பந்தி முடிகிற இடத்தில் அம்மா ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருப்பார். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நம் வழக்கம். இன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.