எடக்கு மடக்கான ரத்தக்குழாய்

டயாலிசிஸுக்கு ஊசி போடும் அப்பாவின் இடது கை வீங்கிக்கொண்டே போனது. நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது. வலது கை ஏற்கெனவே பயன்படாமல் போயிருந்ததால் அந்தக் குழாயைத் திறந்தே ஆகவேண்டும்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"குழாய்க்குள்ள விட்ட ஒயர் எங்க போகுதுன்னு எனக்கே புரியல. அழுத்தினா கிழிஞ்சிடும். ஸ்வல்ப பொறுங்க, ஸ்கேன் பண்ணிட்டுச் செய்றேன்."

எனக்கு அவர்மேல் நம்பிக்கையே போய்விட்டது.

எல்லோருக்கும் வலப்பக்கம் இருக்கும் அந்தக் குழாய், அப்பாவுக்குப் பிறவியிலேயே இடப்பக்கம் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மறுநாள் பலூன் வைத்து விரித்தார், வீக்கம் வடிந்தது.

அடுகோடியில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சிரித்தாள். "உங்கப்பா எடக்கு மடக்கான ஆளுன்னு கண்ணாலத்தன்னிக்கே எனக்குத் தெரியும்டா!"

வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், புரியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். அந்த டாக்டர் கூசாமல் சொன்னதால்தான் அப்பாவின் இடது கை அன்று என் தோள்மேல் இருந்தது.